இறகு அசையாத எழுத்து

சாரல் காலத்தில் தென்காசிக்காரன் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனி பிறந்து குற்றாலத்து மலை மேல் மேகம் உட்கார்ந்துவிட்டால் துணி காயாது, விறகு பற்றாது, உப்புச் சட்டியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். காற்று ஒன்று வரும் பாருங்கள், மொட்டைக் கோபுர வாசலில் நிற்கிறவனைத் தள்ளிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழையும். இந்தச் சீரில் ஆளுக்கொரு இருமல் இருக்கத்தான் செய்யும். குற்றாலிங்கம் வாத்தியாரின் இருமலும் அந்தக் கணக்கில் போய்விட்டது. முப்பத்தாறாம் வருஷத்துச் சாரல் அது. அவருடைய இருமல் சாரலுக்கு முந்தியே, சித்திரை வெயிலில் தொடங்கியது என்பதை அவர் பெண்சாதி ஆவுடைத்தாயைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

ரதவீதிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. சர்க்கார் உதவி வாங்கித் தனியார் நடத்துவது. அதில் முதல் வகுப்பு அவருடையது. அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். அப்படி என்ன செய்தார் என்று கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுவோம், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெரிய தொண்டை உள்ள பிள்ளை ஒன்றைச் சட்டாம்பிள்ளையாக முன்னால் நிறுத்துவார். அது 'கானா' என்று கத்தும். மற்றதெல்லாம் 'கானா' என்று கத்தும். சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லவேண்டும், ஒரு இழுப்புக் கூடவோ குறையவோ கூடாது. அது ஒன்றுதான் அந்த வகுப்பின் சட்டம். தப்பினால் பிரம்பு. ரதவீதியில் போகிறவர்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வாத்தியார் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று மெச்சிக்கொண்டு போவார்கள். வாத்தியார் நாற்காலியில் சாய்ந்திருப்பார். அந்த முறையில் வாத்தியாருக்குத் தொண்டையே தேவையில்லை. வைகாசியில் அவர் தொண்டை அடைத்துக் குரல் வெறும் காற்றாகப் போனபோதும் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான்.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது சர்க்காரின் புதுச் சுற்றறிக்கை. பள்ளிக்கூட மானேஜர் சங்கரபாண்டிக்கு அரிசி ஆலையும் உண்டு. ஒரு சாயங்காலம் வாத்தியாரை ஆலைக்கே கூப்பிட்டு அனுப்பினார். தவிட்டுத் தூசி பறந்துகொண்டிருந்தது. குற்றாலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“வே வாத்தியாரே, டிப்டி இன்ஸ்பெக்டரு அடுத்த திங்கக்கெழம வாராரு. புது ஆளு. 'பானா டானா மானா'ன்னு படிச்ச பிள்ள 'படம்'ன்னு எப்படிய்யா வாசிக்கும்னு கேக்காராம். எழுத்தோட பேரு வேண்டாமாம். சத்தத்தச் சொல்லிக்குடுக்கணுமாம். வாத்தியாரு வாயத் தெறந்து காட்டணும், பிள்ள அந்த வாயப் பாத்து ஒண்ணொண்ணாச் சொல்லணும். கூட்டமாக் கத்துதது ஆகாதாம்.”

“சட்டாம்பிள்ள ஒருத்தன் முன்னால நின்னு…” குற்றாலிங்கத்தின் குரல் ஆலைச் சத்தத்தில் பாதி காணாமல் போயிற்று.

“சட்டாம்பிள்ளைக்கா சர்க்காரு சம்பளம் குடுக்கு? என்ன வே, தொண்ட இன்னுமா தெறக்கல? கருப்பட்டியும் மிளகும் தட்டிப்போட்டுக் குடியும். அது கெடக்கட்டும். பாடக்குறிப்ப எழுதி வச்சி, பிள்ளையளப் பழக்கி வையும். கெழக்க ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் சரியில்லன்னு முதல் வகுப்பையே மூடிட்டுப் போயிட்டாராம் மனுசன். ஒம்ம வகுப்ப மூடிட்டா ஒம்மள வச்சி நான் என்ன செய்ய? எனக்கும் சங்கடந்தான். ஆனா வழியில்ல, பாத்துக்கிடும்.”

“சரி அண்ணாச்சி” என்றார் குற்றாலிங்கம். வேறு என்ன சொல்வார்?

வீட்டில் அவருக்கென்று ஒரு வட்டில், ஒரு தம்ளர், ஒரு பாய். துப்புவதற்குச் சாம்பல் போட்ட சிரட்டை. காலையில் ஆவுடைத்தாய் அந்தச் சிரட்டையைக் கொண்டுபோய்ப் பின்னால் குழி தோண்டிப் புதைப்பாள். அடுக்களை நடையில் உலக்கையைக் குறுக்கே போட்டு வைத்திருந்தாள். சமைந்த பெண்ணை ஒதுக்கி உட்காரவைத்து உலக்கை போடுவார்களே, அதே மாதிரி. இங்கே ஒதுக்கப்பட்டவர் வீட்டு ஆம்பிளை. உலக்கைக்கு அந்தப் பக்கம் அவளும், பள்ளிக்கூடம் போகும் வயசை எட்டாத மகள் மாரித்தாயும். இந்தப் பக்கம் அவர். கீழப்பாவூரில் அவளுடைய தம்பி இந்த நோயில்தான் போனான். அவனுக்குக் கஞ்சி கொடுத்த தாயும் பின்னாலேயே போனாள். இரண்டு பேருக்கும் பணிவிடை செய்தவள் ஆவுடைத்தாய். வைகாசியில் வாத்தியார் துப்பியதில் சிவப்பைப் பார்த்த அன்றே உலக்கையைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். நோயின் பெயரை மட்டும் இரண்டு பேரும் வாயால் சொன்னதில்லை. சளி என்பார்கள். குற்றாலத்து வைத்தியர் ஆடாதொடை இலையைக் கஷாயம் வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் டாக்டர் பெயரைச் சொல்லிவிடுவார் அல்லவா?

ஆலையிலிருந்து வந்து, பலகையும் கையுமாக உட்கார்ந்தார் குற்றாலிங்கம். எந்த எழுத்தில் தொடங்குவது? 'அ'வில் தொடங்கினால் வளைவும் சுழியும் அதிகம். கோடு கோடாக எழுதக்கூடிய ப, ட, ம மூன்றையும் எடுத்தார். மூன்றும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடலாம். 'ப்' என்று சொன்னால் உதடு வெடித்துக் காற்று வரும். ஒரு கோழி இறகை வாய்க்கு நேரே பிடித்தால் அசையும். 'ட்' என்றால் நாக்கு மேலே போய்த் தட்டும். 'ம்' என்றால் இறகு அசையாது; உதடு மூடியிருக்கும், தொண்டை மட்டும் அதிரும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். 'ப்' வந்தது. 'ட்' வந்தது. இரண்டுக்கும் குரல் வேண்டாம். 'ம்' வரவில்லை. உதட்டை மூடிக்கொண்டு முக்கினார். ஒன்றும் அதிரவில்லை. ஒரு இருமல் இருமித் தொண்டையைச் செருமியபிறகு, சட்டி சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் சொல்ல மறுபடியும் இருமவேண்டியிருந்தது. எழுத்தை மாற்றலாமா என்று யோசித்தார். 'ம்' இல்லாமல் தமிழில் பிள்ளைக்கு என்ன வார்த்தையைக் கொடுப்பது?

“மாரி, இங்கன வாட்டி. அப்பா ஒரு வெளையாட்டு காட்டுதேன்.”

மாரித்தாய் உலக்கையைத் தாண்டக் காலைத் தூக்கினாள். ஆவுடைத்தாய் பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“அவள என்னதுக்குக் கூப்பிடுதிய?”

“பாடம் பழகிப் பாக்கணும் ஆவுட. நான் 'ப்'ன்னு சொல்லும்போது பிள்ள கைய நீட்டி அந்தக் காத்தத் தொட்டுப் பாக்கணும். 'ம்'முக்குத் தொண்டையில கைய வச்சிப் பாக்கணும். டிப்டி அப்படித்தான் கேக்காராம்.”

“ஒங்க வாய்க்கு நேரா.”

“ஆமா.”

“பிள்ளயோட கைய.”

குற்றாலிங்கம் பலகையைக் கீழே வைத்தார்.

“எந் தம்பி கெடந்த கெட மறந்து போச்சா ஒங்களுக்கு? அவன் குடிச்ச சொம்புல மிச்சத்தக் குடிச்சிட்டு எங்க அம்மையும் போனா. ரெண்டு பாடையும் நாந்தான் பாத்தேன்.”

“அப்ப நாளைக்கிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள?”

ஆவுடைத்தாய் அடுப்பை ஊதினாள். ஈர விறகு புகைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“அதுகளுக்கு அம்மைமாரு இருக்காளுவ. அவளுவ பாத்துக்கிடட்டும். எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

“அவளுவளுக்குத் தெரியாதுல்லா.”

“தெரிஞ்சா ஒங்களுக்கு வேல ஏது? வேல போனா எங்கன போவோம், சொல்லுங்க. கீழப்பாவூருல எங்க மதினி என்னயும் பிள்ளையையும் சேத்துக்கிடுவா. வயக்காட்டு வேலைக்கி ஆளாச்சேன்னு சேத்துக்கிடுவா. ஒங்கள வாசப்படி ஏத்த மாட்டா. எந் தம்பியவே கடைசியில மாட்டுத் தொழுவத்துலதான் போட்டு வச்சிருந்தா. நீங்க எங்கன கெடப்பிய? ஒங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். அதனால்தான் குற்றாலிங்கத்துக்குப் பயம் கூடியது. சாவு கூட இல்லை, அந்தத் தொழுவம்தான் கண்ணுக்குள் நின்றது.

சாப்பாடு முடிந்ததும் ஆவுடைத்தாய் உலக்கைக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு கோழி இறகு.

“எனக்குச் சொல்லுங்க. நான் படிக்கேன்.”

“நீயா?”

“ஏன், எனக்கு வாய் இல்லியா? நீங்க அங்கன இருந்தே சொல்லுங்க. நான் என் வாய்க்கு நேரா பிடிச்சிக்கிடுதேன்.”

அவர் இந்தப் பக்கமிருந்து உதட்டைக் காட்டினார். அவள் அதைப் பார்த்து 'ப்' என்றாள். இறகு அசைந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளுக்கு ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததில்லை. தன் தொண்டையில் தானே கை வைத்துக்கொண்டு 'ம்' என்று சொல்லி, “அட, எறும்பு ஊறுத மாதிரி இருக்கே” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“இதுதான் வழி. பிள்ளைக்கொரு எறகு குடுத்துருங்க. அதது வாய்க்கு நேரா அதது பிடிக்கட்டும். அதது தொண்டைய அதது தொடட்டும். நீங்க நாக்காலிய விட்டு எந்திரிக்காதிய.”

குற்றாலிங்கத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. 'ஆசிரியர் தம் இடத்திலிருந்தே ஒலித்துக் காட்டுவார்' என்று பாடக்குறிப்பில் எழுதினார். ஆவுடைத்தாய் தெருவில் கிடந்த இறகையெல்லாம் பொறுக்கி, வெந்நீரில் அலசி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். தகரக் கூரையை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

மறுநாள் தூறல் பிடித்துக்கொண்டது. கூரை மேல் பொரி வறுக்கிற மாதிரி ஒரே இரைச்சல். நாற்காலியில் இருந்தபடி குற்றாலிங்கம் 'ப்' என்றார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

“கேக்கல சார்வாள்.”

மறுபடியும் சொன்னார்.

“வாய் தெரியல சார்வாள். மீச மறைக்கி.”

ஒரு பையன் எழுந்து பக்கத்தில் வந்தான். அவன் பின்னால் இன்னொருத்தன். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் இறகும் கையுமாக அவர் மேல் விழுந்து நின்றது. “போங்கலே, அவனவன் எடத்துல போய் இரிங்க” என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை. பிரம்பைத் தட்டியிருக்கலாம். பிரம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தவள் மெஹர் பானு. தறிக்கு நூல் சுற்றுகிற ஷரீபுன்னிசாவின் மகள். சின்ன வயசில் காதில் சீழ் வந்து, பாதி காது கேட்காது. கூட்டமாகக் கத்துகிற வகுப்பில் அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். மூலையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள். அதற்காகச் சட்டாம்பிள்ளையிடம் கிள்ளும் வாங்குவாள். அவள் இப்போது வாத்தியாரின் முகத்துக்கு நேரே நின்று, அவர் உதட்டையே பார்த்தாள். கையை நீட்டிக் காற்றைத் தொட்டாள். “ப்” என்றாள். அவர் இருமிச் செருமி 'ம்' என்றபோது அவர் தொண்டையில் கையை வைத்தாள். குளிர்ந்த சின்னக் கை. அவள் கண் விரிந்தது. அடுத்த நாளே மணலில் எழுதிய 'படம்' என்ற சொல்லை வகுப்பில் முதல் ஆளாக வாசித்தவளும் அவள்தான்.

குற்றாலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷ வாத்தியார் உத்தியோகத்தில் அவர் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அது அவருக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஆவுடைத்தாயின் ஏற்பாட்டை மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. நாளைக்கு எட்டி உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். ஒவ்வொரு நாளும் தூறல் விழுந்தது. ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் மேலே வந்து விழுந்தார்கள். அவரும் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து குனிந்து ஊதிக் காட்டினார். வீட்டுக்கு வந்தால் ஆவுடைத்தாய் கேட்பாள்.

“எந்திரிக்கலேல்லா?”

“இல்ல.”

டிப்டி வந்த அன்று வெயிலும் தூறலும் கலந்து அடித்தது. கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பாடக்குறிப்பைப் புரட்டினார். வெளியூர்க்காரர்.

“தம் இடத்திலிருந்தே ஒலித்துக் காட்டுவார்னு எழுதியிருக்கீங்களே. அப்படின்னா பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல போய்க் காட்டுங்க.”

“சரிங்கய்யா.”

“குரல் ஏன் இப்படி இருக்கு?”

“சாரலுங்க” என்று மானேஜர் முந்திக்கொண்டார். “இந்தக் காத்து எங்க எல்லாத்துக்கும் இப்படித்தான் ஐயா.”

குற்றாலிங்கம் ஒரு பிள்ளையையும் விடாமல் பக்கத்தில் போய்க் குனிந்தார். 'ப்' என்றன பிள்ளைகள், இறகுகள் அசைந்தன. 'ட்' என்றன. டிப்டி தலையாட்டினார். பிறகு மெஹர் பானுவைக் கூப்பிட்டு, கரும்பலகையில் இருந்த 'ம'வைக் காட்டினார். அவள் தன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு இருமல் இருமினாள். அடித்தொண்டையில் ஒரு செருமல் செருமினாள். அப்புறம், சட்டி சுரண்டுகிற மாதிரி, “ம்” என்றாள்.

டிப்டி அடுத்த பையனைக் காட்டினார். அவனும் இருமி, செருமி, “ம்” என்றான். அதற்கடுத்தவனும் அப்படியே. வகுப்பு முழுவதையும் சொல்லச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமின. சொன்னதைச் சொன்னபடி சொல்லுகிற வகுப்பல்லவா, ஒரு செருமல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த எழுத்து அப்படித்தான் தொடங்கும் என்று அதுகள் நினைத்திருந்தன. தன் இருமலைத் தானே வெளியிலிருந்து கேட்டார் குற்றாலிங்கம். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டிப்டி விழுந்து விழுந்து சிரித்தார். மானேஜரும் சிரித்தார். “வாத்தியாரு சளிய எழுத்துன்னு நெனச்சிட்டுதுவ ஐயா.”

“இருக்கட்டும், இருக்கட்டும். வாத்தியார் வாயை எவ்வளவு கவனமாப் பார்த்திருந்தா இப்படி வரும்? இதுதான் எனக்கு வேணும்.” குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “கீழப்பாவூர், ஆலங்குளம் பள்ளிக்கூடங்களுக்கும் நீங்க வந்து இந்தப் பாடத்தை நடத்திக் காட்டணும். உத்தரவு அனுப்புறேன்.”

குற்றாலிங்கமும் சிரித்தார். சிரித்துத் தொலைக்கவேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்திருந்தாள் ஆவுடைத்தாய். உலக்கைக்கு மேலாக அவருடைய வட்டிலை நீட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். வேலை நிலைத்துவிட்டது என்று சொன்னார். மற்ற ஊர்களுக்கும் போகச் சொன்னதைச் சொன்னார். பிள்ளைகள் இருமியதைச் சொல்லவில்லை. அவள் மடியிலிருந்த மகளின் தலையை வருடிக்கொண்டே, “நம்ம எசக்கியம்மதான் கண்ணத் தெறந்தா” என்றாள். பல நாளைக்கு அப்புறம் அவள் முகம் தெளிந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. ஷரீபுன்னிசா, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டு, மூடி போட்ட தூக்குவாளியோடு நின்றாள். பக்கத்தில் மெஹர் பானு.

“வாத்தியாரய்யா இருக்காவளா? தேங்காப்பால் சோறு கொண்டாந்தேன். மறுக்கக் கூடாது. எம் பிள்ள இனி பேசவும் செய்யாது படிக்கவும் செய்யாதுன்னு அவ வாப்பாவே கைவிட்டிருந்தாவ. இப்ப வீட்டுச் செவருல எல்லாம் கரியால எழுதி வச்சி வாசிக்கா. டிப்டி தொரை முன்னால இவதான் மொதல்ல சொன்னாளாம்லா. ஏட்டி, வாத்தியாரம்மாவுக்குச் சொல்லிக் காட்டு.”

மெஹர் பானு அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த வாத்தியாரின் முன்னால் மண்டி போட்டு, ஒரு கையை அவர் தொண்டையிலும் இன்னொரு கையைத் தன் தொண்டையிலும் வைத்துக்கொண்டாள். நித்தமும் செய்து பழகிய கை என்பது பார்க்கிற யாருக்கும் தெரியும். இருமினாள். செருமினாள். “ம்” என்றாள். சொல்லிவிட்டு, சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஆவுடைத்தாயின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. வைகாசியிலிருந்து ராத்திரி ராத்திரியாக அவள் கேட்டுப் படுத்திருந்த இருமல் அது. அதற்கு முன்னால் தம்பியிடம் கேட்டது. அம்மையிடம் கேட்டது. அதே இருமல் இப்போது ஒரு பச்சைப்பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. அவள் உலக்கையைத் தாண்டி வந்தாள். பிள்ளையின் கையை அவர் தொண்டையிலிருந்து பிடுங்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் ஷரீபுன்னிசாவிடம் கொடுத்தாள்.

“பிள்ளையத் தூக்கிட்டுப் போ தாயி. இனிமே இங்கனயும் அனுப்பாத, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாத.”

“என்னக்கா, பிள்ள எதும் தப்பாச் சொல்லிட்டாளா?”

“எம் புருசனுக்குக் காசம்.”

ஷரீபுன்னிசா சிரிக்கப்போனவள் நிறுத்தினாள். வாத்தியாரைப் பார்த்தாள். அவருடைய தனி வட்டிலைப் பார்த்தாள். சிரட்டையைப் பார்த்தாள். நடையில் கிடந்த உலக்கையையும், அதற்கு அந்தப் பக்கம் விரல் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாரித்தாயையும் பார்த்தாள். அவளுக்கு வேறு எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“எம்புட்டு நாளா?”

“வைகாசியிலேருந்து.”

“ஒங்க பிள்ளைய மட்டும் உலக்க போட்டுக் காப்பாத்தியிருக்கிய.”

ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமா.”

“வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க. தெரிஞ்சேதான் எம் பிள்ளைய மூஞ்சிக்கு நேரா நிறுத்தினியளா?”

குற்றாலிங்கம் ஆமென்று தலையை ஆட்டினார்.

ஷரீபுன்னிசா திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. வாசலில் தாழ்வாரத்துத் தண்ணீர் விழுகிற இடத்தில் பிள்ளையை நிறுத்தி, அந்தக் கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடியும் தண்ணீரில் பிடித்தாள். மெஹர் பானு எதற்கென்று புரியாமல் வாத்தியாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொள்ள மறந்து, தூறலிலேயே இறங்கிப் போய்விட்டார்கள்.

அவள் போனபிறகு ஆவுடைத்தாய் கீழே கிடந்த அகப்பையை எடுத்துக் கழுவினாள்.

“நானே நம்ம வீட்டுல தீய வச்சிட்டேன்” என்றாள் ஆவுடைத்தாய்.

“நான் எந்திரிச்சேன் ஆவுட. தெனமும் எந்திரிச்சேன்.”

“தெரியும். அந்தப் பிள்ள கையப் பாத்தப்பவே தெரிஞ்சிது.”

விடிந்ததும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட நின்றபோது ஆலை ஆள் வந்தான். படியில் ஏறவில்லை. இறகுப் பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டு, “மொதலாளி வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாவ” என்றான். ஆவுடைத்தாய் பெட்டியோடு இறகை எடுத்து அடுப்பில் போட்டாள். தீய்ந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக நேரமாயிற்று. சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். கீழப்பாவூருக்கு ஆள் சொல்லிவிட்டாயிற்று. அவரைப் பற்றி அங்கிருந்து பதில் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வாத்தியார் முதல் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒலியும் தெரியாது இறகும் தெரியாது. டிப்டிதான் போய்விட்டாரே என்று, பழையபடி சட்டாம்பிள்ளையை நிறுத்திக் கூட்டமாகக் கத்தவிட்டார். பிள்ளைகள் பழைய முறையில் புதுப் பாடத்தைக் கத்தின. காற்று வாக்கில் அது வாத்தியார் வீடு வரைக்கும் வந்தது. 'ப்' கேட்டது. 'ட்' கேட்டது. அப்புறம் அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து இருமின. எவ்வளவு அதட்டினாலும் அந்த இருமலை விடமாட்டேன் என்கிறதாம். வேகமாகச் சொல்லச் சொன்னால் வேகமாக இருமுகிறதாம்.

குற்றாலிங்கம் பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டார். அந்தக் கும்பலுக்குள் எது பாடத்துக்கு இருமுகிற இருமல், எது சாரலுக்கு வந்தது, எது தன்னிடமிருந்து போனது என்று பிரித்தறியப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் முகமாக ஞாபகப்படுத்தி, அது எவ்வளவு பக்கத்தில் நின்றது என்று நினைத்துப் பார்த்தார். பிறகு அதற்கும் பயந்து நிறுத்திவிட்டார்.

“கதவச் சாத்தட்டா?” என்றாள் ஆவுடைத்தாய், பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டே.

“வேண்டாம். தெறந்தே கெடக்கட்டும்.”

பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் 'ப்' வந்தது. 'ட்' வந்தது. பிள்ளைகள் இருமின. உலக்கைக்கு அந்தப் பக்கம், காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாரித்தாயும் அவர்களோடு சேர்ந்து இருமினாள். அவர்கள் நிறுத்தியபிறகும் ஒரு தடவை இருமினாள். ஆவுடைத்தாய் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.